நல்லி வறண்ட உடம்பும் படிக்க முடியாத தாளும்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரவுமுறை வேலை முடித்து, உறங்கப் போகாமல் நேரே இவ்வரங்கிற்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

யான் மருத்துவன் அல்லேன். இதை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். முப்பது ஆண்டுக்காலம் குருதி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். கண்ணாடித் துண்டின்மேல் ஒரு துளிக் குருதியை இழுத்துத் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து எண்ணுவது என் தொழில். பின்னாளில் எண்ணுவதற்குப் பொறி வந்தது. ஆயினும் பொறி ஐயுறும் குருதியை மாந்தன்தான் பார்த்தாக வேண்டும். ஆகலின், மருத்துவம் சொல்ல யான் வரவில்லை. பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சொல்ல வந்தேன்.

அழைப்பிதழில் 'எலும்பு மச்சை நோய்கள்' என்று அச்சிட்டிருக்கின்றார்கள். மச்சை என்பது வடசொல்லின் சிதைவு. நம் அடுக்களையில் அதற்குச் சொல் இல்லையா? ஆட்டுக்கால் எலும்பைத் தட்டி உறிஞ்சுகின்றோமே, அதனை நல்லி என்கின்றோம். சித்த மருத்துவ நூல்கள் உடற்கட்டுகள் ஏழினை அடுக்கும்போது, என்பினை அடுத்து 'மூளை' என ஒன்றை வைத்தன. அங்கே அச்சொல் என்பின் உள்ளே நிறைந்திருப்பதைக் குறித்தது. மூளை என்றால் இன்று தலையே நினைவுக்கு வருமாதலால், யான் நல்லி என்றே சொல்லப் போகின்றேன். சொல்லைப்பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். சொல் விளங்காமையால் ஓர் உயிர் போனதை யான் கண்டிருக்கின்றேன். அதனைச் சொன்னபின் உங்களுக்கே தெரியும்.

முதலில் நல்லி என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா ஆகியவற்றின் உள்ளே குருதியை உண்டாக்கும் பட்டறை நடக்கின்றது. இரவுமுறை, பகல்முறை என்னும் வேறுபாடு அதற்கில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் கோடிச் செவ்வணுக்களை அது உண்டாக்கி வெளியே விடுகின்றது. செவ்வணு உயிர்வளியைச் சுமப்பது. அதன் வாழ்நாள் 120 நாள். தட்டணு குருதிக் கசிவை அடைப்பது. அதன் வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள். வெள்ளணுக்களுள் நுண்ணுயிரிகளை முதலில் எதிர்த்து நிற்பவற்றை யான் காவலணு என்பேன். மருத்துவர் நியூட்ரோபில் என்பார். அதன் வாழ்நாள் குருதியில் ஒருநாள்கூட இல்லை. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பட்டறை நின்றுவிட்டால் முதலில் தீர்ந்துபோவது காவலணு, அடுத்துத் தட்டணு, செவ்வணு கடைசியில். ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவதோ வெளிறிய முகம்! 'குருதி இல்லை' என்று முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கி வருகின்றோம். நல்ல உணவுதான், குறை சொல்லவில்லை. இரும்புக் குறையால் வந்த சோகைக்கு அது உதவும். பட்டறையே மூடிக்கிடக்கும்போது மூலப்பொருளை வாயிலில் கொண்டுவந்து குவிப்பதால் என்ன பயன்?

இப்பொழுது அந்த இளைஞரைப் பற்றிச் சொல்கின்றேன். பெயர் வேண்டா. அகவை இருபத்துநான்கு. வண்ணக் குழம்பு கலக்கும் ஒரு சிறு பட்டறையில் வேலை. மழைக்காலத்தில் பல் துலக்கும்போது ஈற்றில் குருதி கசிந்தது. தொடையில் அடிபடாமலே நீலத் திட்டுகள் தோன்றின. குருதி எடுத்துப் பார்த்தார்கள், தட்டணு குறைவு. மழைக்காலத்தில் தட்டணு குறைந்தால் நம் ஊரில் எல்லார்க்கும் ஒரே முடிபு, டெங்கு. நிலவேம்புக் குடிநீர், பப்பாளியிலைச் சாறு எல்லாம் கொடுத்தார்கள். டெங்குவில் தாழ்ந்த தட்டணு பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் ஏறத் தொடங்கிவிடும். இவர்க்கு ஏறவில்லை. ஒரு திங்களாயிற்று, மூச்சு வாங்கியது. இரும்பு மருந்து இன்னொரு திங்கள். அதன்பின்தான் அவர் குருதி என் நுண்ணோக்கியின்கீழ் வந்தது. மூன்றும் குறைந்திருந்தன. காவலணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 1500க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவர்க்கு 500கூட இல்லை. தட்டணு ஒன்றரை இலக்கத்திற்குமேல் இருக்க வேண்டும், இவர்க்குப் பன்னீராயிரம். தேய்த்த குருதியில் நஞ்சுற்ற அணுவோ, புற்றணுவோ ஒன்றும் தென்படவில்லை. ஆள் நடமாட்டமற்ற தெருவைப்போல் கண்ணாடி வெறிச்சென்று கிடந்தது. மூன்றும் ஒருங்கே குறைந்திருக்கும் அந்தத் தாளை யான் மருத்துவரிடம் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரிய நகர் மருத்துவமனை ஒன்றில் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி நல்லியை எடுத்துப் பார்த்தார்கள். குருத்தணுக்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கொழுப்பு. நல்லிவறட்சி நோய். 'போன் மேரோ டிப்ரசன்' என்று யாரோ ஒருவர் அவர் அன்னையிடம் சொன்னாராம். அந்த அம்மைக்கு 'டிப்ரசன்' என்னும் சொல் தொலைக்காட்சியில் கேட்ட சொல். மகனுக்கு உளச்சோர்வு என்று எண்ணிக்கொண்டார். 'வேலையில் மேலாள் திட்டினானா? எந்தப் பெண்ணையாவது நினைத்து வருந்துகிறாயா?' என்று மகனைக் கேட்டபடி இருந்தார். சிரிக்காதீர்கள், அவர் என்ன செய்வார்?

இந்நோய் எப்படி வருகின்றது? இதை முதலில் எழுதி வைத்தவர் செருமானிய அறிஞர் பால் எர்லிக். 1888ஆம் ஆண்டு, கருவுற்றிருந்த ஓர் இளம்பெண் சில நாளிலேயே இறந்துபட்டதையும், அவருடைய நல்லி கொழுப்பாய் மாறிக் கிடந்ததையும் பதிவு செய்தார். அதன்பின் எண்பது ஆண்டுகளுக்குமேல், நல்லி தானே பட்டுப்போகின்றது என்றுதான் பெரும்பாலும் எண்ணினார்கள். உண்மை வேறு வழியில் வெளிப்பட்டது. 1970ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் சார்சு மாத்தே என்னும் மருத்துவர், பிறர் நல்லியை நோயாளிக்குப் பெய்வதற்கு முன்னேற்பாடாக, நோயாளியின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தார். பெய்த நல்லி ஊன்றவில்லை. ஆனால் நோயாளியின் சொந்த நல்லி மீண்டும் தளிர்த்தது! இதன் பொருள் என்ன? நல்லி தானே பட்டுப்போகவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய நிணவணுக்களே அதனை அழித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்டிப்போட்டவுடன், எஞ்சியிருந்த சில குருத்தணுக்கள் எழுந்துவிட்டன. நோயை எதிர்க்கும் ஆற்றலே நோயாகிவிட்ட நிலை இது.

அந்த மருந்து இன்றும் இருக்கின்றது. குதிரைக்கு மாந்த நிணவணுக்களைச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. முயலிலிருந்து எடுப்பதும் உண்டு. குதிரையினதே மேலானதென்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சைக்கிளோசுபோரின் என்னும் மாத்திரையும் உடன் சேர்ப்பார்கள். ஏறத்தாழ மூவரில் இருவர்க்குப் பயன் தருகின்றது. ஆனால் அப்பயன் வர மூன்று திங்கள் ஆகும். ஆறு திங்களும் ஆகும். மருந்து கொடுத்த ஓரிரு கிழமையில் குதிரைப் பொருளை உடம்பு அயலென்று கண்டு, காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி எனக் கிளர்ச்சி செய்யும். அது பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே வந்து போய்விடும். இடர் எல்லாம் வீட்டுக்குத் திரும்பியபின்தான். காவலணுக்களோ இன்னும் எழவில்லை. எஞ்சிய எதிர்ப்பாற்றலையும் மருந்து அடக்கி வைத்திருக்கின்றது. கோட்டைக் கதவு இருபுறமும் திறந்து கிடக்கும் நாள்கள் அவை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று யான் சொல்வனவற்றுள் வேறொன்றும் நினைவில்லாமற் போனாலும் இது இருக்கட்டும். நம் உடம்பில் ஓரிடத்தில் நுண்ணுயிரி புகுந்தால் என்ன ஆகும்? சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். சீழ் என்பது என்ன? போரிட்டு மடிந்த காவலணுக்களின் குவியல். காவலணு இல்லாதவர்க்குச் சீழ் ஏது? புண் இருக்கும், சீழ் இராது. நுரையீரலில் தொற்று இருக்கும், சளி வாராது. சில வேளை மார்புப் படத்தில்கூடத் தொடக்கத்தில் நிழல் விழாது. தொண்டையில் தொற்று இருக்கும், வீக்கம் இராது. பார்ப்பவர்க்கு 'ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே இருக்கின்றான்' என்று தோன்றும். அந்த உடம்பு தன் இடரைச் சொல்ல ஒரே ஒரு வாய்தான் வைத்திருக்கின்றது, அது காய்ச்சல். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைக் கொடுத்து அந்த வாயைப் பொத்திவிட்டால், அப்புறம் சொல்ல யார் இருக்கின்றார்?

காவலணு 500க்குக் கீழ் உள்ளவர்க்கு உடல் வெப்பம் 101 பாகையைத் தொட்டாலும், 100.4 பாகையில் ஒரு மணிநேரம் நின்றாலும், அது விடியும்வரை காத்திருக்கும் காய்ச்சலன்று. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணிநேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நரம்புவழி ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. பிந்தினால் நஞ்சு குருதியெங்கும் பரவும், குருதியழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும், நுரையீரலில் நீர் கோக்கும். நல்லியில் தொடங்கிய நோய் இப்படித்தான் முழு உடம்பின் நோயாகின்றது. நல்லிவறட்சியால் இறப்பவர்களுள் மிகுதியானோர் குருதிக் குறைவால் இறப்பதில்லை. தொற்றினாலும், அடுத்தபடியாகக் குருதிக் கசிவினாலுமே இறக்கின்றார்கள்.

அந்த இளைஞர் மருந்து ஏற்றிக்கொண்டு, ஐந்தாம் கிழமை வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு பக்கத் தாள், முற்றிலும் ஆங்கிலம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை காய்ச்சல் கண்டது. மாத்திரை கொடுத்தார்கள், இறங்கியது. காரிக்கிழமை மீண்டும் ஏறியது. தெருமுனையில் ஒருவர் இடுப்பில் ஊசி போட்டார். பன்னீராயிரம் தட்டணு உள்ள உடம்பில் தசையூசி! போட்ட இடம் கன்றிக் கறுத்துப் பெரிதாயிற்று. ஞாயிறு. 'திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும் நாள்தானே, அன்றைக்கே போய்விடலாம்' என்று இருந்துவிட்டார்கள். திங்கள் விடியுமுன் வண்டியில் ஏற்றினார்கள், ஏற்றியதோடு சரி.

இழவு வீட்டில் அந்தத் தாளை அவர் தந்தையார் என்னிடம் கொடுத்து, 'இதில் என்னதான் எழுதியிருக்கிறது, பாருங்கள் ஐயா' என்றார். இரண்டாம் பக்கம், நான்காம் வரி. காய்ச்சல் கண்டால் உடனே வருக. தசையில் ஊசி போடற்க. அச்சில் தெளிவாக இருந்தது. யான் அதைப் படித்துச் சொல்லவில்லை. 'மருந்துப் பெயர்கள்தாம்' என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டேன். பொய்தான். அதற்காக இன்றுவரை வருந்துகின்றேனா என்றால், தெரியவில்லை.

தோழர்களே! அந்த மருத்துவமனை மேல் எனக்குச் சினமில்லை. அங்கே அவர்கள் செய்த மருத்துவம் முறையானது; எழுதியதும் சரியானது. யாருக்கு எழுதினார்கள் என்பதுதான் என் வினா. அடுத்த மருத்துவர்க்கு எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். அன்னைக்கு எழுத வேண்டிய ஐந்து வரி அன்னையின் மொழியில் இருக்க வேண்டாவா? நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்வேன். கலைச்சொல் மாநாடுகளில் 'நல்லி'யா 'மச்சை'யா 'என்புமூளை'யா என்று விடிய விடிய வாதிடுகின்றோம். வாதிடுவோம், வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் நோயாளியின் தாளில் ஏறாதவரை அகராதியில் ஏறி என்ன கண்டோம்? இன்னொன்றும் உண்டு. இங்கே உருக்காலைகளில் வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் படிக்கத் தெரியாது. அவரவர் தாய்மொழியில் அந்த ஐந்து வரி கிடைக்க வேண்டும். நமக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உரியது.

அந்தப் பட்டறையின் வண்ணக் குழம்புதான் அவர் நல்லியைக் கெடுத்ததா என்று பலர் கேட்டார்கள். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. நல்லிவறட்சி கண்டவர்களுள் பெரும்பாலோர்க்குக் கரணியம் தெரிவதில்லை. ஆனால் நல்லியைக் கெடுக்கும் பொருள்கள் இன்னவென்று தெரியும். அவற்றுள் தலையாயது பென்சீன். 1897இலேயே சுவீடன் நாட்டின் உப்புசாலா நகரில், மிதிவண்டி வட்டகை செய்யும் ஆலையில் வேலைசெய்த இளம்பெண்கள் குருதிக்கசிந்து மடிந்ததைச் சாண்டெசன் என்பவர் பதிவு செய்தார். துருக்கியில் காலணி ஒட்டும் பசையில் பென்சீன் புகுந்தபின், அத்தொழிலாளர்களிடையே நல்லி வறட்சியும் குருதிப் புற்றும் பெருகியதை முசாபர் அக்சாய் 1970களில் எழுதிக் காட்டினார். மூச்சுவழிப் புகும் பென்சீனைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றுகின்றது. அப்பொருள் நல்லியை அடைந்து அங்கே இன்னும் கொடிய நஞ்சாகின்றது. குருத்தணுவின் மரபிழையையே அறுக்கின்றது. ஆதலால் சிலர்க்கு நல்லி வறளும். சிலர்க்கு நல்லி திரியும். சிலர்க்குப் பின்னாளில் புற்றாகும்.

நம் பகுதியில் வண்ணம், மருந்துப்பொருள், பசை, வேதிப்பொருள் எனப் பலவகைத் தொழிலகங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் பென்சீன் உண்டென்று சொல்லவில்லை. தின்னர் என்று வாங்குவதில் கலப்பாக இருக்கலாம். பெட்ரோலாகிய கன்னெய்யில் நூற்றுக்கு ஒரு பங்குவரை இருக்க இசைவு உண்டு. வேலை முடிந்ததும் கையிலுள்ள எண்ணெய்க் கறையைக் கன்னெய்யால் கழுவும் பழக்கம் பட்டறைக்குப் பட்டறை இருக்கின்றது. விட்டுவிடுங்கள், சவர்க்காரம் போதும். காற்றில் பத்து இலக்கம் பங்கில் அரைப் பங்குதான் நம் நாட்டுச் சட்டம் வைத்த வரம்பு. அதன் மணம் மூக்கிற்கு எட்டுவதற்குள் அந்த வரம்பு கடந்திருக்கும். ஆகவே 'மணம் வரவில்லை, இடரில்லை' என்று இராதீர்கள்.

பழைய மின்கலங்களை உருக்கி ஈயம் எடுக்கும் உலைகளும் இப்பக்கம் உண்டு. ஈயம் வேறு வகை. அது நல்லியை வறளச் செய்வதில்லை. செவ்வணுவின் செந்நிறப் பொருள் உருவாவதைத் தடுக்கின்றது. செவ்வணுவுக்குள் நீலப் பொட்டுகள் தென்படும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். வேலையை மாற்றி, முறையாக மருத்துவம் பார்த்தால் பெரிதும் மீளலாம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தெரிவிக்க வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியல் வகுத்தது. பென்சீன் நஞ்சும், ஈய நஞ்சும், நஞ்சினால் வரும் சோகையும் அதில் இருந்தன. தொழிலாளியிடம் அந்நோயைக் காணும் மருத்துவர் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்க்கு எழுத வேண்டும் என்று 89ஆம் பிரிவு சொல்லிற்று. அதன் இடத்துக்கு வகுத்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் இக்கடமையைக் கைவிடவில்லை. ஆனால் 'என்ன வேலை செய்கிறாய்? எதைக் கலக்குகிறாய்?' என்று மருத்துவர் கேட்டால்தானே எழுதுவார்? அவர் கேளாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உருளியின்மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் படியெடுத்துக்கொண்டு போங்கள்.

குருதி ஏற்றுவதைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம்மவரின் நல்லுள்ளமே இங்கே தீங்காகின்றது. தம்பிக்குக் குருதி வேண்டும் என்றவுடன் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவான். வேண்டா! நல்லிவறட்சி கண்ட இளையவர்க்கு முழு நலம் தரக்கூடியது உடன்பிறந்தாரின் நல்லியைப் பெய்வது. உடன்பிறந்தார் ஒருவரது நல்லி பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அண்ணன் இன்று குருதி கொடுத்துவிட்டால், தம்பி உடம்பு அக்குருதியை அயலென்று கண்டு எதிர்ப்பொருளை வளர்த்து வைத்துக்கொள்ளும். நாளை அதே அண்ணனின் நல்லி வரும்போது அதனைத் தள்ளிவிடும். ஆகவே குருதி ஊரார் கொடுக்கட்டும், உடன்பிறந்தார் காத்திருக்கட்டும். நண்பர்களே, குருதிக்கொடை என்னும் நம் இளைஞர்களின் தொண்டு இவ்விடத்தில் எவ்வளவு பெரிது பாருங்கள்!

ஏற்றும் குருதியிலும் இரும்பு உண்டு. ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம். உடம்போ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்குமேல் இரும்பை வெளியேற்ற வழியறியாது. இருபது பை ஏறியவர்க்குக் கல்லீரலிலும் நெஞ்சாங்குலையிலும் கணையத்திலும் இரும்பு படியத் தொடங்கும், நீரிழிவு வரும், நெஞ்சாங்குலை தளரும். அதனை வெளியேற்றத் தனி மருந்துண்டு. அப்படிப்பட்டவர்க்கு அண்டை வீட்டார் அன்போடு இரும்பு மருந்து வாங்கிக் கொடுப்பதை யான் பார்த்திருக்கின்றேன்.

முதியவர்களைப்பற்றி ஒரு சொல். அறுபது கடந்தார்க்கு வருவது பெரும்பாலும் வறட்சியன்று, நல்லித்திரிபு. நல்லி நிறைய அணு இருக்கும், ஆனால் குறையணு. வெளியே வருமுன்பே மடியும். இதிலும் எதிர்ப்பாற்றல் தடம் மாறும். தோலில் வலியுள்ள சிவந்த தடிப்புகள் தோன்றும். இதனை 1964இல் சுவீட் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதினார். மூட்டுகள் வீங்கும், காதுமடல் சிவந்து வீங்கி வலிக்கும். 2020இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள், ஐம்பது கடந்த ஆடவர்க்கு வரும் இவ்வகை நோய் ஒன்றிற்கு, நல்லியின் குருத்தணுவில் வாழ்நாளின் இடையே நேர்ந்த ஒரு மரபிழைப் பிழையே கரணியம் என்று கண்டார்கள். அதற்குமுன் அந்நோயாளிகள் மூட்டு மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் தனித்தனியே அலைந்துகொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்க்குக் காரணமறியாக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் இருந்து, கூடவே சோகையும் தீராதிருந்தால், 'குருதி அணுக்களை முழுமையாக எண்ணிப் பாருங்கள்' என்று கேளுங்கள். அந்த ஆய்வு எளியது. அரசு மருத்துவமனைகளில் செய்கின்றார்கள். உயிரூட்டம் பன்னிரண்டின் குறையாலும் மூன்று அணுக்களும் குறையும். அது ஊசி மருந்தில் சரியாகிவிடும். ஆகவே மூன்றும் குறைந்தாலே இறுதியென்று அஞ்சி மூலையில் உட்காராதீர்கள்.

பிறர் நல்லியைப் பெய்தால் வேறோர் இடர். அங்கே நோயாளி உடம்பு நல்லியைத் தள்ளுவதன்று. வந்த நல்லி நோயாளி உடம்பையே அயலென்று கண்டு, தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். அடக்கும் மருந்து நெடுநாள் வேண்டும். ஆயினும் இம்மருத்துவம் இன்று கைக்கெட்டாததன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நல்லி மாற்றம் செய்கின்றார்கள். திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் வழியே காட்பாடிக்குத் தொடர்வண்டி இருக்கின்றது. கும்மிடிப்பூண்டியார் சென்னை போய்த்தான் ஏற வேண்டும். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கின்றது. இரவில் காய்ச்சல் கண்டால் முதலில் ஓடுவதற்கு ஓரிடம் வேண்டுமல்லவா? அருகில் எதுவோ அங்கே போங்கள். போனவுடன் 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். 'இவர்க்கு நல்லி நோய், காவலணு குறைவு, மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள்.

நம் சித்த மருத்துவத்தின்பால் எனக்குப் பெருமதிப்பு உண்டு. என் பாட்டனார் மருந்து அரைத்தவர். ஆயினும் காவலணு அற்ற உடம்பில் காய்ச்சல் ஏறும் இரவில், குடிநீர் காய்ச்சிக் கொடுத்துக் காத்திருங்கள் என்று என் பாட்டனாரே இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

வாயிலருகே மேசையில் அரைத்தாள் அளவில் ஒரு தாள் அடுக்கி வைத்திருக்கின்றேன். மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அச்சிட்டது. தமிழில் ஐந்து வரி: 100.4 பாகைக் காய்ச்சல் ஒரு மணிநேரம் நின்றால் உடனே மருத்துவமனை. காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கற்க. தசையில் ஊசி வேண்டா. ஆசுபிரின், புரூபன் வேண்டா. உடன்பிறந்தார் குருதி வேண்டா. ஒடியத் தோழர் ஒருவர் தம் மொழியில் பெயர்த்துத் தந்திருக்கின்றார். அது நீல நிறத் தாளில் இருக்கின்றது. பின்புறம் வெறுமையாக விட்டிருக்கின்றேன். அதில் நாளையும், மூன்று அணுக்களின் எண்ணிக்கையையும் எழுதி வாருங்கள். தாள் நூறுதான் இருக்கின்றது. வீட்டில் நோயாளி உள்ளவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.